ஏழு பெட்டியும் என் அண்டாவும்

"பாய், படுக்க வச்சு உருட்டாதீங்க!" என்று கத்தினேன். பஷீர் பாய் காதில் வாங்கவில்லை. வாசல் சிமெண்டில் கடகடவென்று என் அண்டா உருண்டு போன சத்தம் இன்னும் என் பல்லில் கூசுகிறது.

"நாலு பேராச் சேர்ந்து தூக்கக் கூடாதா?"

"நாலு பேருக்கு எங்கம்மா போவேன்? நானும் என் முட்டிவலியும் மட்டும்தான் வந்திருக்கோம்."

பாய்க்கு ஊர் பரங்கிப்பேட்டை. பழைய பாத்திரம், பழைய இரும்பு எடுக்கிறவர். தராசுக் கொக்கியை வேப்ப மரக் கிளையில் மாட்டி, அண்டாவின் காதில் கயிற்றைக் கோர்த்து இழுத்தார். அண்டா தரையை விட்டு எழும்பி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. அதன் வாயோரம் ஒரு நெளிசல் உண்டு. அது என் பக்கம் வந்ததும் நின்றது.

பின்னால் நின்ற என் மகன் செந்தில் சொன்னான்: "அம்மா, இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போவல. அண்டாவ வச்சிக்கலாம். அந்தத் தகரப் பெட்டிங்களத் தூக்கிப் பாய்கிட்ட போடு."

"தகரம்னு இன்னொரு தரம் சொன்னே, பல்லு கையில வந்துரும்."

நாற்பது வயதுக்காரனிடம் பேசுகிற பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். நான் பெற்றேன், நான் பேசுகிறேன்.

போன வாரம் இந்தப் பத்திரிகைத் தொடரில் என் முதல் அடுப்பைப் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் கடிதம் போட்டு "கண்ணீர் வந்தது" என்றீர்கள். இந்த வாரம் அதெல்லாம் கிடையாது. இந்த வாரம் எனக்குக் கோபம். முதலில் மற்றவர்கள் மேல். கடைசியில் யார் மேல் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாதி லாரி

செந்தில் கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இருந்தான். அவனுக்குக் குஜராத்தில், வதோதராவில், பெரிய வேலை கிடைத்துவிட்டது. மருமகளும் பேத்தியும் முன்னாடியே போய்விட்டார்கள். நானும் போக வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் நான் கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று.

நான் கட்டிய வீடு. இதை ரெண்டு தடவை சொல்வேன். செங்கல் செங்கல்லாக இட்லி விற்றுக் கட்டியது.

சாமான் ஏற்றுகிற கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தான். காதில் கடுக்கன், கையில் செல்போன். ஒவ்வொரு சாமானையும் போட்டோ எடுத்தான். முழு லாரி இல்லையாம். பாதி லாரியில் வேறு ஒரு குடும்பத்துச் சாமான் வருகிறதாம். எங்கள் பாதியில் கட்டில், பீரோ, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஒரு மூலை மிச்சம் இருக்கு. அண்டா செட்டு ஏத்தலாம். இல்ல அந்தப் பெட்டிங்கள ஏத்தலாம். ரெண்டும் ஏறாது" என்றான்.

நான் ஆன்ட்டியாம். முப்பது வருஷம் சிதம்பரத்தில் ஒரு ஊரே என்னை அக்கா என்று கூப்பிட்டது.

அண்டா செட்டு என்றால் என் மெஸ் பாத்திரங்கள். சோறு வடிக்கிற பித்தளை அண்டா, சாம்பார் போசி, இட்லிக் கொப்பரை, கரண்டிகள், பேர் வெட்டின தட்டுகள். என் கை, என் கால் மாதிரி.

பெட்டிகள் என்றால் ஏழு பெட்டி. அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.

பெட்டி வந்த விதம்

சிதம்பரத்தில் யுனிவர்சிட்டிக்குப் பக்கத்தில் 'தனம் மெஸ்' என்றால் அந்தக் காலத்தில் ஆட்டோக்காரன் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய் விடுவான். தனம் என்பது நான்தான். முழுப் பேர் தனபாக்கியம். வீட்டுக்காரர் இருக்கும்போதே இல்லாத மாதிரி இருந்தார், பிறகு நிஜமாகவே இல்லாமல் போனார். கையில் செந்தில், இடுப்பில் சாவிக்கொத்து. படிப்பு மூணாம் கிளாஸ். இதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. இந்தத் தொடரிலேயே நாலு வாரம் எழுதியாயிற்று.

என் சோற்றைத் தின்று போனவர்களில் பாலம் கட்டுகிறவன் இருக்கிறான், ஆஸ்பத்திரி வைத்திருப்பவன் இருக்கிறான், கடல் தாண்டிப் போய்ப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் இருக்கிறான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பரீட்சை முடிந்தால் பையன்கள் ரூமைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போவார்கள். பாஸானவன் பெட்டியோடு போவான். அரியர் வைத்தவன் என்ன செய்வான்? நவம்பரில் திரும்பவும் பரீட்சை எழுத வர வேண்டும். பெட்டியை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைவது என்று என் மெஸ்ஸில் கொண்டுவந்து வைப்பான். "அக்கா, வச்சிருங்க. நவம்பர்ல வந்து எடுத்துக்கிறேன்."

முதலில் சும்மாதான் வைத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் நவம்பரில் வந்து, சினிமாவுக்குப் போய்விட்டு, பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனான் ஒருத்தன். எனக்கு வந்தது பார் ஆத்திரம். அன்றைக்குச் சட்டம் போட்டேன். மார்க் ஷீட்டைக் காட்டினால்தான் பெட்டி. கூடவே எனக்கு ஸ்வீட்.

"பாஸ் பண்ணாம என் வாசப்படிய மிதிச்சே, சாம்பார் கரண்டியாலயே போடுவேன்."

இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வேன். சிரிப்பார்கள். ஆனால் படிப்பார்கள். பெட்டி இழுக்கும். அந்த ஒரு லுங்கிக்கும் ரெண்டு பேண்டுக்குமாக விழுந்து விழுந்து படித்துப் பாஸாகி, அல்வா பொட்டலத்தோடு ஓடி வந்தவர்கள் எத்தனை பேர். வாத்தியார்களால் ஆகாததை என் கரண்டி செய்தது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. இல்லை, போன வாரம் வரைக்கும் கிடையாது.

பெட்டி வைக்கிற ஒவ்வொருத்தனிடமும் என் வாக்கும் ஒன்று உண்டு. "நான் இருக்கிற வரைக்கும் உன் பெட்டி இருக்கும். பூட்டத் தொட மாட்டேன்."

கடைசியில் ஏழு பெட்டி மிஞ்சியது. கொரோனாவுக்குப் பிறகு மெஸ்ஸை மூடிவிட்டுக் கடலூர் வந்தபோது பாத்திரங்களோடு அந்த ஏழையும் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

தண்ணீர் வந்த வருஷம்

அந்தப் பெட்டிகளுக்காக நான் என்ன பாடு பட்டேன் என்று செந்திலுக்குத் தெரியாது. அஞ்சலைக்குத் தெரியும்.

அஞ்சலை என் மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தவள். ஒல்லியாக, கறுப்பாக, வாய் மட்டும் மெஸ் அகலத்துக்கு இருக்கும். ஒரு வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் அடித்து, வாய்க்கால் உடைத்துக்கொண்டு, தண்ணீர் மெஸ்ஸுக்குள் முழங்கால் அளவு வந்துவிட்டது. நான் முதலில் ஓடியது பெட்டிகளிடம். ஒவ்வொன்றாகத் தலையில் தூக்கிப் பரண் மேல் ஏற்றினேன்.

"அக்கா, அரிசிய தூக்குக்கா! தகரத்துக்கு என்னா வந்துச்சு?" என்று அஞ்சலை கத்தினாள்.

"அரிசி என்னுது. நனைஞ்சா வாங்கிக்கலாம். இது ஊரான் வீட்டுப் பொருளுடி. ஏத்து!"

வைதுகொண்டே ஏற்றினாள். என் அரிசி மூட்டை ரெண்டும் ஊறிப் பொங்கல் மாதிரி ஆனது. அண்டா அன்றைக்குத்தான் தண்ணீரில் மிதந்து போய்த் தூணில் இடித்து வாயில் நெளிந்தது. மறுநாள் அஞ்சலையும் நானும் சேற்றை வாரினோம். பரண் மேல் பெட்டிகள் கல்யாண மாப்பிள்ளை மாதிரிக் காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தன. அவள் அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: "வர்ற ஜென்மத்துல ஒங்கிட்ட பெட்டியாப் பொறக்கணும்க்கா."

அந்த அஞ்சலையை நான்தான் விரட்டினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் தட்டுகளில் எல்லாம் 'தனம்' என்று பேர் வெட்டியிருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் எண்ணி அடுக்குவேன். ஒரு வெள்ளிக்கிழமை ஒரு தட்டு குறைந்தது. மூன்று தரம் எண்ணினேன். குறைந்தது குறைந்ததுதான். தேய்க்கிறவள் கையில்தானே தட்டு இருக்கிறது? அவளைக் கேட்டேன். பந்தி நடக்கும்போது, பையன்கள் எல்லாம் பார்க்க, கேட்டேன்.

"என்னைய ஏன் கேக்குற? ஒம் புள்ளைங்க பெட்டியத் தொறந்து பாரு" என்றாள்.

"எம் புள்ளைங்க திருட மாட்டானுங்க. சோத்துக்கு வழி இல்லாதவதான் தட்டத் தூக்குவா."

தேய்த்த கையைக் கழுவக்கூட இல்லை. சாம்பல் கையோடு எழுந்து போனாள். மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. காசு கொடுத்தால் எனக்கா ஆள் கிடைக்காது?

சரி, லாரிக்கு வருகிறேன்.

வாக்கு என்றால் வாக்கு

அண்டாவா பெட்டியா என்று அந்தக் கடுக்கன் தம்பி கேட்டதும் நான் யோசிக்கவே இல்லை. "பெட்டி" என்றேன்.

செந்தில் தலையில் அடித்துக்கொண்டான். "அம்மா, அதுங்க யாருதுன்னு அவனுங்களுக்கே மறந்திருக்கும். முதல்ல போன் போட்டுக் கேளு."

"நான் எதுக்குடா கேக்கணும்? வாக்குக் குடுத்தவ நானு. அவன் மறந்தா அது அவன் புத்தி. நான் மறந்தா அது என் புத்தி."

"குஜராத்துக்குத் தூக்கிட்டுப் போயி என்னா பண்ணுவே?"

"வச்சிருப்பேன். வேணுங்கிறவன் ரயிலேறி வந்து வாங்கிக்கட்டும்."

இப்படிச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு வந்ததை மறைக்க மாட்டேன். இந்தக் காலத்தில் இப்படி ஒருத்தி இருப்பாளா என்று எனக்கே என்னைப் பற்றி மலைப்பாக இருந்தது. அந்தத் தெம்பில்தான் பஷீர் பாயை வரச் சொன்னேன். அந்தத் தெம்பில்தான் அண்டா வேப்ப மரத்தில் தொங்கியது. போசி, கொப்பரை, தட்டுகள், கரண்டிகள் எல்லாம் பாயின் மினி வேனில் ஏறின. தட்டுகளைச் சாக்கில் கொட்டினார். அத்தனை தட்டும் ஒரே நேரத்தில் விழுந்த சத்தம் ஒரு பந்தியே எழுந்து போவது மாதிரி இருந்தது.

"ஒரு கரண்டியாவது வச்சிக்கங்கம்மா" என்றார் பாய்.

"ஒண்ணும் வேணாம். கொண்டு போங்க."

வீறாப்பு. வேறு என்ன?

கட்டைவிரல்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பழைய பையன்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் இருக்கிறதாம். செந்தில் அதிலிருந்து ஆறு பேர் நம்பரைப் பிடித்துக் கொடுத்தான். ஏழாவது ஆள் அந்தக் குரூப்பில் இல்லை.

நான் போன் போட்டது அனுமதி கேட்க இல்லை. செய்தி சொல்ல. உண்மையைச் சொன்னால், நாலு நல்ல வார்த்தை வாங்க. 'என் அண்டாவையே கொடுத்துவிட்டு உன் பெட்டியைச் சுமந்துகொண்டு போகிறேன்டா' என்று சொன்னால் அந்தப் பக்கம் குரல் உடையும், 'அக்கா' என்று அழுவான் என்று நினைத்தேன்.

முதல் ஆள் சிங்கப்பூரில் இருக்கிறான். "பெட்டியா? எந்தப் பெட்டி? ஓ... அது இன்னுமா வச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்கக்கா!" சிரிக்கிறான். அரியரை முடித்த அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டதாம், அப்படியே போய்விட்டானாம். எனக்கு ஸ்வீட் கொடுக்கணும் என்பதே ஞாபகம் இல்லை.

ரெண்டாவது ஆள் கோயம்புத்தூர். "அக்கா, மீட்டிங்ல இருக்கேன்." ஞாயிற்றுக்கிழமை என்னடா மீட்டிங்?

மூணாவது ஆள், "அதுல பழைய லெட்டர் ஏதாச்சும் இருந்தா மட்டும் எரிச்சிடுங்கக்கா, வைஃப் கையில சிக்கினா என் கதை முடிஞ்சிது" என்றான். நாலாவது ஆளின் மனைவி எடுத்து, நான் பேசியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க வீட்லயும் இடமில்லீங்கம்மா" என்றாள். ஐந்தாவது ஆள், "எவ்ளோ வேணும் உங்களுக்கு, ஜிபே பண்றேன்" என்றான். போனைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். செந்திலின் போன் என்பதால் விட்டேன்.

ஆறாவது ஆள் பேசவே இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலை அனுப்பினான். மஞ்சள் கலரில். ஒரு கட்டைவிரல்!

அரிசி மூட்டை ஊறிப் போனதற்கு ஒரு கட்டைவிரல். கரப்பான் அரிக்காமல் வருஷத்துக்கு ரெண்டு தரம் வேப்பிலை மாற்றினதற்கு ஒரு கட்டைவிரல். ஆறு பேரும் பாஸ் பண்ணியவர்கள். அதுவும் என் கரண்டிக்குப் பயந்து பாஸ் பண்ணியவர்கள்.

உடனே பாய்க்குப் போட்டேன். "பாய், அண்டாவ திருப்பிக் கொண்டாங்க."

"யம்மா, நேத்தே லோடு கும்பகோணம் போயிருச்சு. இந்நேரம் உடைச்சு உலையில போட்டிருப்பானுங்க."

"உடைச்சா?"

"முழுசா உலைக்குள்ள போவாதும்மா."

செந்தில் பக்கத்தில்தான் நின்றான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் அவனோடு ஒரு சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை, பாவி.

லக்கேஜ்

ஏழாவது பெட்டி பச்சைத் தகரப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது: R. மதியழகன், கிள்ளை.

அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஜாஸ்தியாக எரிந்தது. மற்ற ஆறு பேராவது தூர தேசம். கிள்ளை எங்கே இருக்கிறது? சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். இருபத்தைந்து வருஷமாக அரை மணி நேரம் கிடைக்கவில்லையா உனக்கு?

"நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்மா" என்றான் செந்தில்.

"வேணாம். நானே தூக்கிட்டுப் போயி அவன் மூஞ்சில வீசிட்டு வர்றேன்."

கடலூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர், "ஆயா, பெட்டிக்கு லக்கேஜ் போடணும்" என்றான். "போடு. அது மனுசன விட ஒழுங்கா உக்காந்திருக்கும்" என்றேன். இறங்குகிற வரைக்கும் அவன் என் பக்கமே வரவில்லை.

சிதம்பரத்தில் வண்டி மாறும்போது பழைய தெருப் பக்கம் எட்டிப் பார்த்தேன். என் மெஸ் இருந்த இடத்தில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிற கடை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நல்ல வியாபாரமாகத்தான் தெரிந்தது.

கிள்ளையில் இறங்கி ஒரு டீக்கடையில் பேரைச் சொன்னேன். "போட் இன்ஜின் மெக்கானிக் மதியா? தோ, அந்த ஷெட்டு" என்று காட்டினார்கள். ஒரு ஆள் பெட்டியைத் தூக்க வந்தார். விடவில்லை. இதைத் தூக்கி வீசப் போகிறவள் நான்.

ஷெட்டுக்குள் மரக்கட்டை மேல் ஒரு படகு இன்ஜின் பிரித்துப் போட்டிருந்தது. டீசல் நாற்றமும் உப்பு நாற்றமும். முடி பாதி கொட்டின ஒருத்தன் முழங்கை வரைக்கும் கறுப்பு எண்ணெயோடு குனிந்திருந்தான்.

"டேய் மதியழகா!"

நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆள் ரெண்டு அடி பின்னால் போனான். கரண்டிக்குப் பயந்த அதே பையன்.

"அக்கா..."

"என்னாடா அக்கா? இருக்கிறது இங்க. பக்கத்துல. இருவத்தஞ்சு வருசமா ஒம் பெட்டிய நான் தலையில தூக்கி வச்சிட்டுத் திரியறேன். வந்து எடுத்துட்டுப் போவ ஒனக்கு கால் இல்லியா? உன்னாலதாண்டா என் அண்டா போச்சு!"

இன்னும் நிறையப் பேசினேன். அதையெல்லாம் ஆசிரியர் போட மாட்டார். அவன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னான்.

"நான் பாஸ் பண்ணலியேக்கா."

"என்னாது?"

"மேத்ஸ் பேப்பர் ஒண்ணு. ஏழு தடவ எழுதினேன். வரல. பாஸ் பண்ணாம வாசப்படிய மிதிச்சா கரண்டியால போடுவேன்னு நீங்கதானே சொன்னீங்க."

பெட்டியைத் தரையில் வைத்தேன்.

"அதுக்காவ... அடிச்சிருவனாடா உன்னைய?"

"அடிய விடுங்கக்கா. உங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது? ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வாரா வாரம் சிதம்பரம் வருவேன். உங்க தெருவ தாண்டும்போது எதிர்ப்பக்கமா நடப்பேன். சாம்பார் வாசன வரும். பாஸ் பண்ணினவுடனே போவலாம், போவலாம்னு இருந்து... அப்புறம் மெஸ்ஸயே மூடிட்டீங்க."

பாஸ் பண்ணின ஆறு பேருக்குப் பெட்டி மறந்துவிட்டது. பாஸ் பண்ணாதவனுக்கு என் சட்டம் மறக்கவில்லை. நான் நாலு பேர் சிரிப்பதற்காகச் சொன்னதை இவன் ஒருத்தன் கோர்ட்டு தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொண்டு, மெஸ்ஸை மூடுகிற வரைக்கும் எதிர்ப்பக்கமாக நடந்திருக்கிறான்.

தட்டு

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தான். ஷெட் சாவி, பைக் சாவிகளுக்கு நடுவில் ஒரு சின்னச் சாவி. பெட்டியின் சாவி. இன்னும் வைத்திருக்கிறான்!

பூட்டுத் துரு பிடித்திருந்தது. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் திறந்தான். ஒரு கோடு போட்ட லுங்கி, கணக்கு நோட்டு, வரைகிற ஸ்கேல், ஒரு துண்டு. துண்டுக்குள் சுற்றி ஒரு எவர்சில்வர் தட்டு.

என் தட்டு. ஓரத்தில் 'தனம்'.

"கடைசி நாள் சாப்புட்ட தட்டுக்கா. பாஸ் பண்ணிட்டு இதுலயே ஸ்வீட் வச்சி உங்க கையில குடுக்கணும்னு எடுத்து வச்சேன்" என்றான். வெட்கமாகச் சிரித்தான்.

என் கை தானாக ஓங்கியது.

"திருட்டுப் பயலே! இந்தத் தட்டுக்கு நான் யார போயி கேட்டேன் தெரியுமாடா?"

அவன் முகம் மாறியது. அந்த வாரமே அவன் ஊருக்குப் போய்விட்டான், அவனுக்குத் தெரிய வழியில்லை. சொன்னேன். அஞ்சலையைச் சொன்னேன். சாம்பல் கையைச் சொன்னேன். அவள் 'பெட்டியைத் திறந்து பார்' என்றதைச் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு அந்த இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

நான் அவனை அடிக்கவில்லை. அவன் எடுத்தது தட்டு. அதைத் திருட்டாக்கி அவள் தலையில் போட்டது நான். அவன் தெரியாமல் செய்தான். நான் அறுபது பேர் பார்க்கச் செய்தேன்.

"எடுத்துக்கடா பெட்டிய" என்றேன்.

"பாஸ்..."

"என்னாடா பாஸு? நானே மூணாங் கிளாஸ் ஃபெயிலு."

நிமிர்ந்து பார்த்தான். "மூணாவது படிச்சேன்னு எழுதுறீங்களேக்கா? வாரா வாரம் படிக்கிறனே."

"படிச்சேன்னுதானடா எழுதினேன். பாஸ்னு எழுதினனா?"

அதுதான் உண்மை. மூணாவதில் போட்டார்கள் ஃபெயில். இன்னொரு வருஷம் உட்கார வேண்டும் என்றார் வாத்தியார். என் அப்பா கடலூர் முதுநகரில் கருவாடு காய வைக்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு நான் எந்தப் பள்ளிக்கூடத்தையும் எதிர்ப்பக்கமாகத்தான் தாண்டினேன். பெற்ற மகனிடம்கூடச் சொன்னதில்லை. இதை வாசிக்கும்போதுதான் அவனுக்கே தெரியும். ஃபெயிலானவள் ஒருத்தி கரண்டியைப் பிடித்துக்கொண்டு, பாஸ் பண்ணாதவன் உள்ளே வராதே என்று சட்டம் போட்டிருக்கிறாள்.

மதி டீ வாங்கிக் கொடுத்தான். தட்டை நான் வைத்துக்கொண்டேன். ஸ்வீட்டு கேட்கவில்லை.

மூலை

திரும்பும்போது சிதம்பரத்தில் இறங்கி அஞ்சலை குடியிருந்த சந்துக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண், "அவுங்க திட்டக்குடிப் பக்கம் மவ வீட்டுக்குப் போயி நாலஞ்சு வருசம் ஆவுது" என்றாள். எந்த ஊர் என்று தெரியவில்லையாம். போன் நம்பரும் இல்லை.

"நீங்க யாருன்னு சொல்லட்டும், எப்பயாச்சும் வந்தா?"

தட்டு என் கைப்பைக்குள் இருந்தது. "தனம்னு சொல்லு" என்றேன். அந்தப் பெண்ணின் முகம் ஒரு மாதிரி போனது. "தட்டு... அந்த மெஸ்ஸா?" என்றாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு, எதிர்வீட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ஆறு பெட்டியையும் பாயிடம் கொடுத்தேன். பூட்டை உடைக்காமல் உருக்கச் சொன்னேன். பூட்டைத் தொட மாட்டேன் என்பது என் வாக்கு. அந்த ஆறு பேருக்கு அது போதும்.

லாரி வந்தது. கடுக்கன் தம்பி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, "ஆன்ட்டி, இந்த மூலைக்கு என்னா வைக்கிறது?" என்றான்.

"ஒண்ணும் இல்ல. சும்மா போவட்டும்."

அண்டாவும் இல்லை, பெட்டியும் இல்லை. வதோதரா வரைக்கும் அந்த மூலை காலியாகப் போகிறது. செந்தில் தட்டையும் லாரியில் போடச் சொன்னான். மாட்டேன் என்றேன். ரயிலில் என் மடியில் வரும்.

திட்டக்குடிப் பக்கம் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அஞ்சலைக்கு எழுத்து தெரியாது. ஒல்லியாக, கறுப்பாக, ஊரே கேட்கிற மாதிரிப் பேசுகிற ஒரு கிழவி உங்கள் தெருவில் இருந்தால், அடுத்து வருகிறதை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நாலு பேர் இருக்கும்போது படியுங்கள். நானும் நாலு பேர் இருக்கும்போதுதான் பேசினேன்.

அஞ்சலை, தட்டு கிடைத்துவிட்டது. நீ சொன்ன இடத்தில்தான் இருந்தது.

என் போன் நம்பரைப் பத்திரிகை ஆபீஸில் கேட்டால் கொடுப்பார்கள். போட்டுத் திட்டு. குறுக்கே பேச மாட்டேன்.